ஆணி துளிர்த்த வீடு

உலகம்மாள் தன் சொந்த வீட்டுச் சுவரில் அடித்த முதல் ஆணி மறுநாள் காலையில் இரண்டு இலை விட்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பால் பொங்கிவிடுமே என்று அடுப்படிக்குப் போய் அடுப்பைத் தணித்தாள், திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தாள், அப்போதும் இலை இரண்டுதான், வெளிர்ப்பச்சை, அவரைக்கன்று மண்ணைப் பிளந்துகொண்டு வருமே அந்தப் பச்சை. ஆணியின் கொண்டை அப்படியே இருந்தது, கொண்டைக்குக் கீழே இரும்பு சுவருக்குள் நுழைகிற இடத்தில் காம்பு புறப்பட்டிருந்தது. கடையில் கால் கிலோ எடை போட்டுப் பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுத்த ரெண்டு இஞ்ச் ஆணி அது. மீதி ஆணிகளைப் பிரித்துப் பார்த்தாள், அவை எல்லாம் ஆணிகளாகத்தான் கிடந்தன.

அவள் கணவன் ஆவுடையப்பன் பஸ் டிரைவர், தனியார் கம்பெனியில் பனையடிப்பட்டியிலிருந்து கடற்கரை வரைக்கும் போய்த் திரும்புகிற வண்டி. அன்றைக்கு சாயங்காலம் வந்து கால் கழுவிவிட்டு, அந்த இலையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “தண்ணி ஊத்துனியா?” என்று கேட்டான். ஊற்றியதாகச் சொன்னாள். சரி என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டான். இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு, குறுக்கே எது வந்தாலும் முதலில் பிரேக்கை மிதிக்க வேண்டும், ஆச்சரியப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்பது உடம்பில் ஊறிப்போயிருந்தது.

அந்த இருபத்தைந்து வருஷத்தில் அவர்கள் இருந்தது பதினோரு வாடகை வீடு. தென்னந்தோப்புக்குப் பின்னால் இருந்த வீடு, ரைஸ்மில் தவிடு பறந்துவந்து சோற்றில் விழுந்த வீடு, மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கிடந்த வீடு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருந்தாலும், எல்லா வீட்டுக்காரர்களும் சாவியைக் கையில் கொடுக்கும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் பிடிக்கிற நேரத்தைச் சொல்ல மறந்தவர் உண்டு, குப்பை கொட்டுகிற இடத்தைச் சொல்ல மறந்தவர் உண்டு, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்ல மறந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் உலகம்மாள் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினாள், கண்ணாடியை பீரோவின் மேல் சாய்த்தாள், சாமி படங்களை அலமாரித் தட்டில் வரிசையாக உட்கார வைத்தாள், தயிர் டப்பாக்களில் புதினாவும் பட்டுரோசும் வைத்து ஜன்னல் விளிம்பில் அடுக்கினாள். ஒரு ஆணிகூட அடிக்காமல் ஒரு வீட்டை அழகு பண்ணுவது எப்படி என்று அவள் பள்ளிக்கூடமே நடத்தியிருக்கலாம்.

பால் காய்ச்சுக்கு வந்தவர்கள் ஏழு சுவர்க் கடிகாரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சொந்த வீடு கட்டியவனுக்குக் கடிகாரம் கொடுப்பது பனையடிப்பட்டியில் எழுதாத சட்டம். அதில் ஒன்றை மாட்டத்தான் அந்த முதல் ஆணி. அது இலை விட்டுவிட்டதால் அடுத்த சுவரில் இரண்டாவது ஆணி அடித்தாள், அதில் முல்லை வந்தது. அடுப்படியில் கரண்டி மாட்ட அடித்ததில் கறிவேப்பிலை வந்தது, அது சௌகரியமாகத்தான் இருந்தது. குளியலறையில் துண்டுக்காக அடித்ததில் வெற்றிலைக் கொடி வந்து, ஒரே மாதத்தில் ஷவர் குழாயைச் சுற்றிக்கொண்டது. கடிகாரங்கள் ஏழும் தரையில் செடிகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தன.

கிழக்குச் சுவரில் மட்டும் அவள் ஆணி அடிக்கவில்லை.

அந்தச் சுவருக்கு ஒரு கதை உண்டு. வரவேற்பறையில் கிழக்கே ஜன்னல் வைத்தால்தான் வெளிச்சம் வரும் என்று மேஸ்திரி சொன்னார், உறவுக்காரர்கள் சொன்னார்கள், வாஸ்து பார்த்தவரும் சொன்னார். ஆவுடையப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஜன்னல் வேண்டாம், முழுச்சுவராகக் கட்டுங்கள், பூச்சைக் கொஞ்சம் தடிமனாகப் போடுங்கள் என்று மட்டும் சொன்னான். காரணம் உலகம்மாளுக்குத் தெரியும். அவர்கள் மகள் பொன்சுபா ஆறு வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் படம் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்டது, பதினான்கு வருஷமாக ட்ரங்குப் பெட்டியில் உலகம்மாளின் கல்யாணப் புடவைக்குள் சுற்றிக் கிடந்தது. அந்தச் சுவர் அதற்காகத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வீடே அதற்காகத்தான்.

பால் காய்ச்சிய அன்று விருந்தாளிகள் போனபிறகு, அவன் அந்தச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “இனி யார்கிட்டயும் கேக்க வேண்டாம்ளா. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப அடி.”

அதற்கு மறுநாள்தான் அவள் கடிகாரத்துக்கு என்று சொல்லி எதிர்ச்சுவரில் முதல் ஆணியை அடித்தது. அது துளிர்த்தபோது அவளுக்கு ஏற்பட்டது ஆச்சரியமில்லை, பயமில்லை, சொல்லப்போனால் ஒரு நிம்மதி. ஆணியெல்லாம் செடியாகிற வீட்டில் படம் எப்படி மாட்டுவது?

அவர்கள் வீடு கட்டிய ஞானமணி நகரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனை பிரித்து விற்றவருடைய மாமியார் பெயர் ஞானமணி. நாற்பத்தாறு வீடுகளையும் ஒரே மேஸ்திரி கட்டினார், ஆகவே நாற்பத்தாறுக்கும் ஒரே முகப்பு, ஒரே தாமரைப்பூ கிரில், வெளியே பிஸ்தாப் பச்சை, உள்ளே ரோஸ். ஊரோடு ஒத்து வாழ் என்பதை அங்கே உள்ளவர்கள் பெயிண்ட் டப்பா வரைக்கும் கடைப்பிடித்தார்கள். ஒரு வீட்டில் வாசலுக்குச் செயற்கைப் புல் விரித்தால் அடுத்த மாதச் சம்பளத்தில் தெரு முழுக்கப் புல் முளைக்கும். வீட்டில் என்ன வைக்கலாம், தோட்டத்தில் என்ன நடலாம் என்று யாருக்காவது யோசனை தேவைப்பட்டால், மதில் மேல் எட்டிப் பார்ப்பார்கள், மதிலுக்கு அந்தப் பக்கத்துக்காரரும் அதே நேரத்தில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆணிச்செடியை முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம். மோர் கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்று சுவரைப் பார்த்தாள். அப்புறம் மோரை மறந்துவிட்டு, “மதினி, இதுக்கு என்ன உரம் போடுதீங்க?” என்று கேட்டாள். அன்று மத்தியானமே அவள் வீட்டிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது, சாயங்காலத்துக்குள் தெருவே டொக் டொக் என்றது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றியும் ஒருவர் வீட்டிலும் ஓர் இலைகூட வரவில்லை, சுவர்கள் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்ததுதான் மிச்சம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி ஒருத்தர் சிமெண்டைக் குறை சொன்னார், ஒருத்தர் மணலைக் குறை சொன்னார். மேஸ்திரியோ தன் பங்குக்கு வந்து பார்த்து, உலகம்மாள் வீட்டுக்குப் போட்டது மட்டும் விசேஷக் கலவை என்று கூசாமல் சொல்லிவிட்டு, அந்தத் தெருவில் இன்னும் இரண்டு மாடி எடுக்க முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்.

குடியிருப்போர் சங்கம் கூடியது. செயலாளர் சாமுவேல்ராஜ் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், எதையும் முத்திரை குத்தித்தான் அனுப்புவார். சுவரில் வளர்வதைத் தோட்டம் என்று சொல்வதா வீடு என்று சொல்வதா என்று இரண்டு மணி நேரம் விவாதித்து, வேர் எங்கே இருக்கிறதோ அதுவே அதன் இடம், வேர் சுவரில் இருப்பதால் அது வீடுதான் என்று தீர்மானம் போட்டார்கள். விவசாயக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, தாவரம் என்ற கட்டத்தில் அவரை, முல்லை என்றும், மண்வகை என்ற கட்டத்தில் ஆணி என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொசு ஒழிப்புக்காரர்கள் தேங்கின தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை என்றதும் போய்விட்டார்கள். மூன்று மாதத்தில், ஆணி துளிர்க்கிற வீடு என்பது பனையடிப்பட்டியில் மூன்று முனை விளக்கு, இரட்டைப் பனை என்பதுபோல வழி சொல்வதற்கான ஒரு அடையாளமாகிவிட்டது.

அப்புறம்தான் அந்த நர்ஸ் வந்தாள். தங்கபுஷ்பத்தின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவள், வேலைக்குப் போகிற உடுப்போடு, கைப்பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்துக் காட்டி, “அக்கா, ஒரே ஒரு ஆணி உங்க காம்பவுண்டுல அடிச்சுக்கிடட்டுமா?” என்று கேட்டாள். எதற்கு என்று உலகம்மாள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாதா. சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் மதிலில் இடம் பார்த்து, ஆணியை விரலிடுக்கில் பிடித்து, நான்கு அடி அடித்தாள், அடித்துவிட்டு அப்படியே நின்று கொஞ்ச நேரம் சிரித்தாள். கடல் படம் ஒன்று வைத்திருக்கிறேன் அக்கா, ஏழு வருஷமாகச் சுருட்டியே கிடக்கிறது, அதை மாட்ட என்று வாங்கின ஆணி என்று சொன்னாள். எட்டாம் நாள் அந்த ஆணியில் சங்குப்பூ வந்தது, மதிலில் ஒரு முழத்துக்கு ஒரே நீலம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலுள்ள வாடகைக் குடித்தனங்கள் எல்லாம் ஞானமணி நகருக்கு வந்தன. கல்யாணமாகி ஆறு மாதமான ஜோடிகள், ஐந்தாறு பேராக ஒரே அறையில் தங்கியிருந்த கண்ணாடி ஃபேக்டரிப் பெண்கள், வாடகை வீட்டிலேயே நரைத்துப்போன தையல்காரர் ஒருவர் என்று வந்து, ஆளுக்கு ஒரு ஆணியோடு வரிசையில் நின்றார்கள். உலகம்மாள் சாக்பீஸால் இடம் குறித்துக் கொடுத்தாள். அடிப்பதற்கு முன்னால் அவர்கள் என்ன மாட்ட நினைத்தார்கள் என்பதைத் தாமாகவே சொன்னார்கள், அவளும் கேட்டுக்கொண்டாள். சர்க்கஸில் வாங்கின முகமூடி மாட்ட நினைத்தவருக்கு டேலியா வந்தது, கல்யாண போட்டோவுக்கு அடித்தவர்களுக்கு ஒன்றுக்குப் பாகற்காய், ஒன்றுக்கு மல்லிகை என்று வந்தது, அதைப் பற்றி அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. டொக் டொக் சத்தம் சர்ச் மணியோடும் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியோடும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய சத்தமாயிற்று. ஊரில் வீட்டுக்காரர்களுக்கும் இதில் பரம சந்தோஷம். சாவியைக் கொடுக்கும்போதே, ஆணி அடிக்கணும்னு இருந்தா உலகம்மாள் வீட்ல போய் அடிச்சுட்டு வந்திருங்க என்று சொல்ல ஆரம்பித்தார்கள், சில பேர் அதை ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள்.

அந்த மதிலைத் தினமும் பார்த்துப் பார்த்து ஞானமணி நகர்க்காரர்களுக்கும் ஏதோ ஆயிற்று. முதலில் சாமுவேல்ராஜ் தன் கேட்டுக்குச் சங்குப்பூ நீலத்தில் பெயிண்ட் அடித்தார், யாரைக் கேட்டு அடித்தீர்கள் என்று சங்கத்தில் கேட்டபோது, தன்னையே கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். தங்கபுஷ்பம் உடைந்த வளையல்களை மீன்பிடி நரம்பில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டாள், காற்றடிக்கும்போது அது சத்தம் போடும், வெயிலடிக்கும்போது தரையில் நிறம் போடும். பழைய பெயிண்ட் வாளிகளில் தக்காளி வைத்தார்கள், ஓடாத மிக்ஸி ஜாரில் கற்றாழை வைத்தார்கள், ஒருவர் மொட்டைமாடியில் புடலங்காய்ப் பந்தல் போட்டு அதன் கீழே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் அங்கே ஒரு வீடு இன்னொரு வீட்டைப் போல இல்லை. கூரியர் கொண்டுவருகிறவர்களுக்கு அது ரொம்ப வசதி.

வந்தவர்கள் எல்லாரும் போகும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். நீங்க உங்க வீட்டுல என்ன மாட்டியிருக்கீங்க? உலகம்மாள், எங்கே இடமிருக்கு, எல்லாம்தான் செடியாப் போச்சே என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கிழக்குச் சுவர் அவள் முதுகுக்குப் பின்னால் வெறிச்சென்று நிற்கும். ஆவுடையப்பன் தினமும் சாயங்காலம் வந்து, கால் கழுவி, அந்தச் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, சாப்பிட உட்காருவான். என்னளா, எப்ப என்று ஒரு நாள்கூட அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கதை நகராது. பொன்சுபா போன பதினாறாம் நாள், ஆவுடையப்பன் டவுனில் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தான். அது பள்ளிக்கூட நாடகத்தில் எடுத்த படம். வசனம் மனப்பாடம் ஆகாத பிள்ளை என்று அவளுக்கு மரம் வேஷம் கொடுத்திருந்தார்கள். பச்சைக் கவுன் முழுக்க வேப்பங்குழை குத்தி நிற்கிறாள், குழையோடு வந்த எறும்பு கடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு கை தொடையைச் சொறிகிறது. வேறு நல்ல படம் இல்லை. சட்டம் போட்ட கடைக்காரர் ஒரு ஆணியும் இலவசமாகக் கொடுத்திருந்தார். வீட்டுக்காரம்மா ரெங்கநாயகி டீச்சரிடம் கேட்டு மாட்டிவிடு என்று சொல்லிவிட்டு அவன் வண்டிக்குப் போனான். திரும்பி வந்தபோது உலகம்மாள், டீச்சர் ஆணி அடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க என்றாள். அந்த மாதமே வீட்டைக் காலி செய்தான், அன்றிலிருந்து மற்றவர்கள் லீவு போட்ட நாளெல்லாம் இவன் வண்டி ஓட்டினான், தீபாவளிக்கு ஓட்டினான், பொங்கலுக்கு ஓட்டினான், சொந்தச் சுவர் ஒன்று வேண்டும் என்று பதினான்கு வருஷம் ஓட்டினான்.

ஆனால் ரெங்கநாயகி டீச்சர் அப்படிச் சொல்லவே இல்லை. நான்கு வீடு வாடகைக்கு விட்டு, நான்கிலும் ஒரு குண்டூசி குத்த விடாத அந்த அம்மாள், அன்றைக்கு யாரும் கேட்காமலே மாடியிலிருந்து தன்னுடைய சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, மாட்டிக்கோ என்று நீட்டினாள். உலகம்மாள்தான், அவர் வந்து அடிப்பார் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். மாட்டினால் மாலை போட வேண்டும். மாலை போட்டுவிட்டால் பிள்ளை இனிமேல் ஸ்கூலிலிருந்து வராது.

அந்த டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையில் வந்து நின்றாள்.

எண்பது வயது தாண்டியிருந்தது. வீடுகளை விற்று மகனிடம் கொடுத்துவிட்டு மகன் வீட்டில் இருந்தாள், அங்கே மருமகளுக்குச் சுவரில் ஆணி அடித்தால் பிடிக்காது. கையில் மஞ்சள் பைக்குள் ஒரு ஆணி. அன்று பார்த்து ஆவுடையப்பனின் வண்டி தகுதிச் சான்றுக்காகப் பட்டறையில் நின்றதால் அவன் வீட்டில் இருந்தான், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். டீச்சரைப் பார்த்ததும் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலி கொண்டுவந்து போட்டான், காப்பி வாங்கிக் கொடுத்தான். காப்பி பாதி குடிக்கும்வரை காத்திருந்தான். உலகம்மாள் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

“டீச்சர், நான் கோவத்துல சொல்லல,” என்றான். “அன்னைக்கு ஒரே ஒரு ஆணி அடிக்க நீங்க விட்டுருக்கலாம்.”

டீச்சர் அவனைப் பார்த்தாள், அப்புறம் வாசற்படியில் நின்ற உலகம்மாளைப் பார்த்தாள். நாற்பது வருஷம் பரீட்சை ஹாலில் நடந்து நடந்து, யார் முகத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்த்த கண். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“விட்டுருக்கலாம்தான் தம்பி,” என்றாள். “என் தப்புத்தான்.”

அதோடு முடிந்திருக்கும். ஆவுடையப்பன் தலையை ஆட்டிக்கொண்டான், பதினாறு வருஷத்துக் கல் ஒன்றை இறக்கி வைத்தவன் மாதிரிகூட இருந்தான். உலகம்மாள் பேசாமல் இருந்திருந்தால் டீச்சர் தன் ஆணியை அடித்துவிட்டுப் போயிருப்பாள், இருபது வருஷமானாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வயதான அம்மாள் தனக்காகக் கூசாமல் பழியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“டீச்சர் வேண்டாம்னு சொல்லல,” என்றாள். “சுத்தியலக் கொண்டாந்து குடுத்தாங்க. நாந்தான் திருப்பி அனுப்பிட்டு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

வரிசையில் நின்றவர்களில் யாரோ ஒருவர் ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடியை நிறுத்திக்கொண்டார். ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் குனிந்து போய்க் குழாயை மூடினான். மூடிவிட்டு, அவளைப் பார்க்காமல், வீட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

“அப்ப இந்த வீடு எதுக்குளா?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். டீச்சர் எழுந்து, என் ஆணியை அடுத்த வாரம் அடிச்சுக்கிடுதேன் என்று சொல்லிவிட்டு, வாசற்படி வரை வந்து உலகம்மாளின் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

மூன்று நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. செடிகள் வாடிப்போயின என்று சொன்னால் கதைக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் ஒரு இலைகூட வாடவில்லை, முல்லை எப்போதையும்விட அதிகமாகப் பூத்தது, செடிக்கு என்ன தெரியும். அவன் விடியற்காலையில் வண்டிக்குப் போனான், சாயங்காலம் வந்தான், கால் கழுவினான், சாப்பிட்டான். கிழக்குச் சுவரை மட்டும் பார்க்கவில்லை. உலகம்மாளுக்கு மற்றதெல்லாம் தாங்கியது, அதுதான் தாங்கவில்லை. பதினான்கு வருஷம் ஓட்டி வாங்கின சுவரை ஒரு மனுஷன் பார்க்காமல் சாப்பிடுகிறான், அதற்குக் காரணம் அவள். பிள்ளை போனது அவளுக்கு மட்டும்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்துவிட்டாள்.

நான்காம் நாள் காலையில் அவன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் ட்ரங்குப் பெட்டியை இழுத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். புடவையைப் பிரித்தாள், படத்தை எடுத்தாள், சட்டத்தின் பின்னால் ரப்பர் வளையத்தில் செருகிக் கிடந்த ஆணியை எடுத்தாள். கடைக்காரர் கொடுத்த அந்த இலவச ஆணி துருப்பிடித்துச் சிவந்திருந்தது. அவன் பார்த்தான். போய் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து சுவரோரம் போட்டான்.

“ஸ்டூல் வேண்டாம்,” என்றாள் உலகம்மாள்.

அவள் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். சுவரில் கையை வைத்து அளந்து, தன் நெற்றி உயரத்துக்கு ஆணியைப் பிடித்தாள்.

“இவ்வளவு தாழவா?” என்றான் அவன்.

“அவ இவ்வளவுதான் இருப்பா.”

அவன் ஸ்டூலை எடுத்து ஒரு பக்கமாக வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தானும் மண்டி போட்டு உட்கார்ந்தான். அவள் அடித்தாள், பூச்சு தடிமன், ஐந்தாறு அடி ஆயிற்று. படத்தை அவன் மாட்டினான், வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்ததைச் சுண்டுவிரலால் நிமிர்த்தினான். பொன்சுபா அவர்கள் முகத்துக்கு நேரே நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, தொடையைச் சொறிந்தாள். மாலை போடவேண்டும் என்று இருவருமே சொல்லவில்லை. இருவரும் அழுதார்கள், சத்தமில்லாமல் இல்லை, நன்றாகவே அழுதார்கள். அன்றைக்குக் காலை ஐந்தே காலுக்குக் கிளம்ப வேண்டிய அவன் வண்டி நாற்பது நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது, பயணிகள் திட்டினார்கள்.

ஆணி துளிர்த்துப் படத்தைத் தள்ளிவிடுமோ என்று உலகம்மாள் பயந்தாள். மறுநாள் காலையில் சட்டத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அதற்கு அடுத்த நாளும் பார்த்தாள், எட்டாம் நாளும் பார்த்தாள். ஆணி ஆணியாகவே இருந்தது.

இந்தச் செய்தி ஊரில் பரவியது. ஆணி துளிர்க்கிற வீட்டில் ஒரு ஆணி துளிர்க்கவில்லையாம் என்று கேள்விப்பட்டு, இரண்டு வருஷமாக அந்தப் பக்கமே வராதவர்கள்கூடப் பார்க்க வந்தார்கள். தங்கபுஷ்பம் வந்து, குனிந்து, படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, அதிசயமா இருக்கே மதினி என்றாள். விவசாயக் கல்லூரிக்காரர் லென்ஸோடு திரும்பி வந்து, நெடுநேரம் பார்த்து, இரும்பு என்று எழுதிக்கொண்டார். மேஸ்திரி, அந்தச் சுவருக்கு மட்டும் வேறு கலவை என்றார். வந்தவர்கள் எல்லாரும் அந்த ஆணியைப் பார்க்க மண்டி போட வேண்டியிருந்தது, மண்டி போட்டதும் பிள்ளையின் முகம் எதிரே இருந்தது, அதனால் பெரும்பாலும் ஆணியைப் பார்க்க மறந்துவிட்டு எழுந்து போனார்கள். ரெங்கநாயகி டீச்சர் சொன்னபடி வந்து மதிலில் தன் ஆணியை அடித்தாள், என்ன மாட்ட என்று அவள் சொல்லவில்லை, அதில் தும்பை வந்தது.

எதிர்ச்சுவரில் முதல் ஆணியில் வந்த அவரை இப்போது உத்தரத்தைச் சுற்றிக் கிழக்குச் சுவருக்கும் வந்துவிட்டது. அதில் எறும்பு ஜாஸ்தி. வரிசையாக இறங்கி வந்து சட்டத்தின் மேல் ஏறப் பார்க்கும். உலகம்மாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும் முதல் வேலையாக வந்து, படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையால் அந்த எறும்புகளைத் தட்டிவிடுகிறாள். அவள் வேலையாக இருக்கிற நாட்களில் ஆவுடையப்பன் தட்டிவிட்டுப் போகிறான்.